வால்வு மாற்றினால் ஒலி மாறுமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி தொடங்கியது 1976இல்தான். அதுவரை வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக வீற்றிருந்தது, ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில் சேர்ந்த ரேடியோகிராம். 1960களில் டர்பனின் பழைய குடியிருப்புகளிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, கட்டில் பீரோவோடு கூடவே வந்து சேர்ந்த ரேடியோகிராம்களும் உண்டு. சில இன்னும் கராஜ்களில் தூசி படிந்து நிற்கின்றன. பேரப் பிள்ளைகள் அவற்றைத் துடைத்தெடுத்து மறுபடி பாட வைக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், சின்னதாக ஒரு புது வால்வு ஆம்பை, அதாவது வால்வு எனும் கண்ணாடிக் குழாய்களால் ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவியை, சீனாவிலிருந்து தருவித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த வால்வு போட்டால் நன்றாகக் கேட்கும்?"

வால்வுக்கு வால்வு ஒலி வேறுபடும் என்பது உண்மை. நானும் கேட்கிறேன், அதில் எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் பலரும் வேறுபாடு என்று சொல்வதில் பெரும்பங்கு மூன்று காரணங்களால் வருகிறது. ஒரு வால்வு மற்றதைவிடச் சற்றுச் சத்தமாக ஒலித்திருக்கும். அல்லது பழையது தேய்ந்துபோயிருக்கும். அல்லது பயஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வில் ஓடும் கரண்டின் அளவு, சரியாக வைக்கப்பட்டிருக்காது. இந்த மூன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் வால்வின் சொந்தக் குரல். அதைக் கேட்பதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்த வால்வு என்ன வேலை செய்கிறது

ஆம்பின் முன்வரிசையில் நிற்கும் சின்ன ஒன்பது பின் வால்வுகள் சிக்னலைப் பெருக்குபவை. பெரும்பாலும் ஈசிசி83, ஈசிசி82, ஈசிசி81 என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். அமெரிக்கப் பெயரில் அவையே முறையே 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7, 12ஏடி7. பின்வரிசையில் சூடாக எரிபவை ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள்: ஈஎல்84, ஈஎல்34, 6எல்6, கேடி88 போன்றவை. சில ஆம்ப்களில் இவற்றோடு ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வும் ஒன்று இருக்கும். ஜிஇசட்34 அதில் பெயர் பெற்றது.

ஒலியில் யார் பங்கு எவ்வளவு? என் அனுபவத்தில் பவர் வால்வும் அதன் பயஸும்தான் அதிகம் மாற்றுகின்றன. அடுத்தது, சிக்னல் முதன்முதலில் நுழையும் சின்ன வால்வு. அதன் இரைச்சலும் எல்லாக் கட்டங்களிலும் பெருகி வருவதால் அங்கே நல்ல வால்வு முக்கியம். ரெக்டிஃபையரை மாற்றிக் கேட்கும் வேறுபாடு பெரும்பாலும் வோல்டேஜ் மாறியதால் வருவது. பவர் வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரும் செய்யும் வேறுபாட்டுக்கு முன்னால் இவை எல்லாமே சிறியவை. ஆகவே கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

எதற்குப் பதில் எது போடலாம்

புதியவர்கள் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஒரே வகை வால்வுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஈசிசி83க்கு இன்னொரு ஈசிசி83. ஈஎல்34க்கு இன்னொரு ஈஎல்34.

காரணம் உண்டு. ஈசிசி83, 81, 82 மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும், ஹீட்டர் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் கம்பி) இணைப்பும் ஒன்றே. ஆனால் பெருக்கும் திறன் முறையே 100, 60, சுமார் 17 முதல் 20. ஈசிசி83ஐ எடுத்துவிட்டு ஈசிசி82ஐப் போட்டால் சத்தம் வெகுவாகக் குறையும், சர்க்யூட்டின் வேலைப்புள்ளியும் மாறிவிடும். "இது மென்மையாக இருக்கிறது" என்று தோன்றும். மென்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கெயின் (பெருக்கும் அளவு) இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

சில மாற்றங்கள் ஆபத்தானவை. ஈ88சிசி (6922) வால்வுக்கும் ஒன்பது பின்தான், ஈசிசி83 சாக்கெட்டில் அழகாக நுழையும். ஆனால் அதன் ஹீட்டர் 4ஆம், 5ஆம் பின்களுக்கு இடையில் 6.3 வோல்ட் மட்டும் கேட்பது. ஈசிசி83க்கு 12.6 வோல்ட்டாக வயரிங் செய்த சாக்கெட் என்றால் இரண்டு மடங்கு வோல்டேஜ் போய் ஹீட்டர் எரிந்துவிடும். 6.3 வோல்ட் வயரிங் என்றால் 4, 5 இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கும், அதனால் வால்வு சூடாகவே ஆகாது. 12பிஎச்7 என்பது ஈசிசி82 போல உட்கார்ந்தாலும் ஹீட்டர் கரண்டை இரண்டு மடங்கு இழுக்கும். ஜிஇசட்34 இருந்த இடத்தில் 5யூ4ஜி போட்டால் ஹீட்டருக்கு 1.9 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர் போகும். அதற்காகச் செய்யப்படாத டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கெட்டுப்போகும். ஆம்ப் செய்தவரின் கையேட்டில் அனுமதிக்காத மாற்றத்தை, தெரிந்தவர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் வாங்குவது

இன்றைக்கு வீட்டு ஆம்ப்களுக்கான புது வால்வுகள் பெரும்பாலும் மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன: ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா. ரஷ்யாவின் சராத்தவ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்தே சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன், மல்லார்ட் என்று பல பெயர்களில் வெளியாகின்றன. இன்றைய மல்லார்ட் என்பது வாங்கிய பெயர். பழைய மல்லார்ட் இங்கிலாந்தில் லங்காஷயரின் பிளாக்பர்ன் ஊரில் செய்யப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு "மல்லார்ட் ஒலி" பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே வால்வுகள் சாட்சா ஊரில் செய்யப்படுகின்றன; விலையும் நியாயம், கிடைப்பதும் எளிது. முதல் மாற்று ஜோடியாக நான் சொல்வது இவற்றைத்தான்.

பழைய கையிருப்பு வால்வுகளில் நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வெகுகாலம் ரேடியோ வால்வுகள் செய்தது. ஊருக்குப் போய்வருகிறவர்கள் சென்னை ரிச்சி தெருப் பக்கம் தேடிப் பார்க்கலாம். ஜெர்மானிய டெலிஃபுங்கன் சின்ன வால்வுகளின் அடிப்பகுதியில், பின்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே ஒரு வைர வடிவம் பதிந்திருக்கும். மேலே அச்சடித்த பெயரை யாரும் துடைத்துவிட்டு வேறு பெயர் அடிக்கலாம். கண்ணாடியில் பதிந்ததை அப்படி மாற்றுவது கடினம். பழைய வால்வு வாங்கும்போது பெயரைவிட அளவீட்டுக் குறிப்பைக் கேளுங்கள். ஈசிசி83 என்றால், வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகட்டில் 250 வோல்ட்டும், கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற வலையில் மைனஸ் 2 வோல்ட்டும் கொடுத்தால் 1.2 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். ஒரே கண்ணாடிக்குள் உள்ள அதன் இரண்டு பாதிகளும் இதையொட்டி இருந்தால் நல்ல வால்வு. அளந்து தர முடியாது என்று சொல்பவரிடம் அதிக விலை கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலையோடு கூரியர் கட்டணமும் 15 சதவீத வாட் வரியும் சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இன்னொன்றையும் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடிக்குள் தலைப்பக்கமோ பக்கவாட்டிலோ வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு இருக்கும். அதன் பெயர் கெட்டர். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காக வைத்தது. அது வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது என்று பொருள்.

கை வைப்பதற்கு முன்

வால்வு ஆம்புக்குள் 300, 400 வோல்ட் டிசி சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். எனவே அடித்தட்டைத் திறக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாமே மேலிருந்து, மூடிய ஆம்பில் செய்யக்கூடியவை. பழைய ரேடியோகிராமை முதல் தடவை மின்சாரத்தில் போடுவதையும் நீங்களே செய்யாதீர்கள். முதலில் ஒரு ரேடியோ மெக்கானிக் பார்த்து, காய்ந்துபோன கப்பாசிட்டர்களை மாற்றி, மூன்று உருண்டைப் பின் கொண்ட நம் ஊர் பிளக்கின் எர்த் சரியாகச் சேஸிஸுக்குப் போகிறதா என்று உறுதிசெய்து தரட்டும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஓட்டக்கூடாது. பளு இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி உள்ளேயே பொறி பாயும்.

மின்வெட்டு வரும் நாட்களில், கரண்ட் போனவுடன் ஆம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். திரும்பி வரும் நொடியில்தான் வோல்டேஜ் ஏறி இறங்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும்; படிக்கட்டு அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும், அந்த முனகல் ஸ்பீக்கரிலும் கேட்கும், ஒப்பீடு வீண்.

முதல் படி: சாக்கெட்டும் பின்னும்

டர்பன் கடற்காற்றில் எந்த உலோகமும் சீக்கிரம் மங்கும். வால்வின் பின்களும் அப்படித்தான். சாட்ஸ்வொர்த்தில் ரேடியோ பழுதுபார்த்து வயதான ஒரு மாமாவிடம், ஒரு வால்வைக் காட்டி "இது மங்கலா கேக்குது மாமா, வேற போடலாமா" என்று கேட்டேன். அவர் வால்வைத் திருப்பிப் பின்களை வெளிச்சத்தில் காட்டினார். ஒவ்வொரு பின்னிலும் சாம்பல் நிறப் படலம். "வால்வ மாத்துறதுக்கு முன்னாடி காலத் தொடச்சிப் பாரு தம்பி" என்றார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பின்களைத் துடைத்து, சாக்கெட்டில் துளி காண்டாக்ட் கிளீனர் விட்டு, வால்வை இரண்டு மூன்று தடவை மெல்ல ஏற்றி இறக்கினார். மங்கல் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் நான் செய்யும் முதல் வேலை இதுதான். இதைச் செய்யாமல் புது வால்வைப் போட்டால், பின்னைச் சாக்கெட்டில் உரசியதாலேயே ஒலி தெளிந்துவிட்டு, அந்தப் பெருமை புது வால்வுக்குப் போய்ச் சேரும்.

துடைப்பதானால் ஆம்ப் அணைந்து, பிளக் எடுத்து, குறைந்தது 20 நிமிடம் ஆறியிருக்க வேண்டும். சின்ன வால்வை நேர் மேலே, இம்மியளவு வட்டமாக அசைத்தபடி இழுங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் பின்னடியில் கண்ணாடி விரிசல் விடும். எட்டு பின் கொண்ட பெரிய வால்வுகளைக் கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடிக்கட்டையைப் பிடித்து எடுங்கள். திருப்பி வைக்கும்போது நடுத்தண்டின் மேடு சாக்கெட்டின் பள்ளத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து அழுத்துங்கள். பழைய வால்வின் மேல் அச்சான எழுத்தை விரலால் தேய்க்க வேண்டாம், கையோடு வந்துவிடும்.

இரண்டாம் படி: மின்சாரமும் சூடும்

நம் ஊரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஊரே சமைக்கும் சாயங்காலத்தில் இருப்பதும் நடு இரவில் இருப்பதும் ஒன்றல்ல. மின்சாரம் 5 சதவீதம் இறங்கினால், வோல்டேஜைத் தனியே கட்டுப்படுத்தாத ஆம்பில், ஹீட்டரும் பிளேட்டும் அதே அளவு இறங்கும். ஒரு வால்வைச் சாயங்காலமும் மற்றதை இரவு 11 மணிக்கும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் ஒரே அமர்வில் கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் ஆம்பாக இருந்தால் பின்பக்கத்து வோல்டேஜ் தேர்வு 240இல் இருக்கிறதா 220இல் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் வீட்டில் அளந்த எண்ணுக்கு நெருக்கமானதில் வைக்கச் சொல்லுங்கள்.

வால்வு மாற்றிய ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் சூடாக விடுங்கள்.

மூன்றாம் படி: பயஸ்

சின்ன வால்வுகளை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பவர் வால்வு மாற்றுவதானால் தாண்ட முடியாது.

சில ஆம்ப்கள் தாமாகவே பயஸ் சரிசெய்துகொள்பவை; ஈஎல்84 வைத்த சின்ன ஆம்ப்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றவற்றில் நாம் திருகி வைக்க வேண்டும். மேல்தட்டிலேயே அளக்கும் துளையும் திருகும் இருந்தால் நீங்களே செய்யலாம். கையேட்டில் என்ன எண் சொல்லியிருக்கிறதோ அதுவே வேதம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: ஈஎல்34இன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால் 17.5ஐ 400ஆல் வகுக்க, சுமார் 44 மில்லி ஆம்பியர். 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக அளக்கும் ஆம்பில் மீட்டர் 44 மில்லிவோல்ட் காட்டும். பவர் வால்வின் இன்னொரு உறுப்பான ஸ்கிரீனின் கரண்டும் அதிலேயே அடங்கும்.

இந்த எண் ஒலியில் என்ன செய்கிறது? கரண்ட் குறைவாக வைத்தால், மெல்லிய சத்தத்தில் ஒலி வறண்டு, கரகரப்பாக இருக்கும். கூடுதலாக வைத்தால் கேட்க இதமாக இருக்கும், ஆனால் வால்வின் ஆயுள் கரையும். பிளேட் செந்நிறமாக ஒளிர்ந்தால் உடனே அணைக்க வேண்டும். ஒரு ஜோடியை 30இலும் இன்னொன்றை 44இலும் வைத்துவிட்டு அவற்றை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிட்டது அந்த இரண்டு எண்களைத்தான். புது வால்வின் கரண்ட் முதல் சில மணி நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும், எனவே ஓடவிட்டு மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

நான்காம் படி: சத்தத்தைச் சமன் செய்தல்

இதைச் செய்யாதவரின் ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை. கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் காரணம் காதின் இயல்பிலேயே இருக்கிறது. மிகச் சிறிதளவு சத்தம் கூடினால் அதை "சத்தம்" என்று நாம் உணர்வதில்லை. "தெளிவு", "விரிவு", "உயிர்ப்பு" என்று உணர்கிறோம். ஒரே வகை, ஒரே பெயர் கொண்ட இரண்டு வால்வுகளுக்குள்ளும் கெயின் கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சமே தீர்ப்பைத் திருப்பிவிடப் போதும்.

வேண்டியது ஒரு மல்டிமீட்டரும், 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றும். விலை குறைந்த மீட்டர்கள் அதிக அதிர்வெண்ணில் ஏசி வோல்டேஜைத் தவறாகக் காட்டும் என்பதால்தான் 1000க்குப் பதில் 400. ஸ்பீக்கர் இணைப்பிலேயே மீட்டர் முனைகளை வைத்து, ஒலிக் கோப்பை ஓடவிட்டு, 1.00 வோல்ட் வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் இது எட்டில் ஒரு வாட். கூடத்தில் தாராளமாகக் கேட்கும். இடது, வலது இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வால்வை மாற்றிச் சூடானதும் மறுபடி 1.00க்குக் கொண்டுவாருங்கள்.

1.02 வந்தால் வேறுபாடு சுமார் 0.17 டெசிபல், பரவாயில்லை. 1.05 என்றால் 0.4 டெசிபலைத் தாண்டிவிட்டது, அது ஆகாது. 1.12 என்றால் முழுதாக 1 டெசிபல். அந்த நிலையில் கேட்பவர் எவராக இருந்தாலும் சத்தமான வால்வையே கொண்டாடுவார். வால்யூம் குமிழால் நுட்பமாக நிறுத்த முடியவில்லை என்றால் குமிழை அப்படியே விட்டுவிட்டு, பாட்டு ஓடும் கணினியின் மென்பொருளில் டெசிபல் கணக்கில் கூட்டிக் குறையுங்கள். அதுவே எனக்குப் பிடித்த வழி.

ஐந்தாம் படி: இரைச்சலும் தட்டலும்

பாட்டைப் போடுமுன் வெறுமனே கேளுங்கள். இன்புட்டில் எதுவும் ஓடாமல், வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ஸ்பீக்கரருகே காதை வையுங்கள். "ஸ்ஸ்" என்பது வால்வின் இரைச்சல். ஆழமான "ம்ம்" 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டரிலிருந்து, அது சூடாக்கும் கேதோடு என்ற உறுப்புக்குக் கசிவு இருக்கலாம். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் முனகினால் பவர் சப்ளையின் அலை. இரண்டு பவர் வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில் அந்த ஜோடி சமமாக இல்லாவிட்டாலும் அது வெளியே வரும்.

பிறகு ஒரு மரப் பென்சிலின் மழுங்கிய முனையால் சின்ன வால்வின் தலையில் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் "டொக்" என்று கேட்டு உடனே அடங்கினால் சரி. "டிங்ங்" என்று மணி போல இழுத்தால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக். சில வால்வுகள் ஆரம்பத்தில் "விரிந்த, காற்றோட்டமான" ஒலியாகத் தோன்றுவதற்கு இந்த அதிர்வே காரணம். ஸ்பீக்கரின் ஒலி வால்வையே ஆட்டி, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சின்ன எதிரொலியாகிறது. அப்படிப்பட்ட வால்வை, ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ கட்டத்தில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: எதைப் போட்டுக் கேட்பது

நமக்கு வாய்த்த நல்ல கருவி தம்புரா. பஞ்சமம், ஸட்ஜமம், ஸட்ஜமம், மந்தர ஸட்ஜமம் என்று நான்கு தந்திகள். பாலத்துக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் ஜீவாளி நூல், ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் மேல் ஸ்வரங்களைக் கொத்தாக எழுப்புகிறது. வால்வு சிக்னலில் சேர்ப்பதும் மேல் ஸ்வரங்களைத்தான். டிரையோடு (கேதோடு, கிரிட், பிளேட் என்ற மூன்று உறுப்பு கொண்ட) வால்வு அதிகமாகச் சேர்ப்பது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது நாம் கொடுத்த ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. மூன்றாம் ஹார்மோனிக் என்பது அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். தம்புராவில் இவை ஏற்கெனவே நிறைந்து கிடப்பதால், விகிதம் சற்று மாறினாலும் சங்கீதம் பழகிய காதுக்குத் தெரியும்: நூலைக் கொஞ்சம் நகர்த்தினாற்போல் நாதம் நிறம் மாறும். தனித் தம்புரா ஒலிப்பதிவை இரண்டு நிமிடம் போட்டு, ஆலாபனையை எதிர்பார்க்காமல், ஒவ்வொரு தந்தியின் வால் எங்கே தேய்கிறது என்று மட்டும் கேளுங்கள். இரைச்சல் கூடிய வால்வில் வால் சீக்கிரம் மூழ்கிவிடும்.

புஷ்-புல் ஆம்பில் இன்னொரு சங்கதி. இரண்டு பவர் வால்வுகளும் சமமாக இருந்தால் இரண்டாம் ஹார்மோனிக் ஒன்றையொன்று அடித்து நீக்கிக்கொள்ளும். ஜோடி பொருந்தாவிட்டால் அது திரும்பி வரும். "இந்த ஜோடி ரொம்ப இதமாக இருக்கிறது" என்று தோன்றினால், அது பொருந்தாத ஜோடியா என்று ஒருமுறை பயஸைப் பார்த்துவிடுங்கள்.

மிருதங்கம் பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான உறவைச் சொல்லும். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர், தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓரிடத்தில் 30 ஓம் வரைகூட ஏறும். வால்வு ஆம்பின் பிடி அங்கே தளர்வதால், தொப்பி எனும் இடப்பக்கத்தின் தாழ்ந்த அடி பெருத்து இழுபடும். ஒரு ஜோடியில் தொப்பி உருண்டையாக நின்று மற்றதில் பரவினால் அது உண்மையான வேறுபாடு, குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு அடியில் ஓரம் கூர்மையாக வருகிறதா என்று பாருங்கள்.

நாதஸ்வரத்தைக் கடைசியில் வையுங்கள். தைப்பூசக் காவடியில் அதை நேரில் கேட்டவர்களுக்கு அதன் பலம் தெரியும். 10 வாட் ஆம்பைச் சத்தமாக வைத்து நாதஸ்வரம் போட்டால், எந்த வால்வு எப்போது திணறுகிறது என்பது தெரியும். மெல்லிய சத்தத்தில் ஒன்றாக ஒலித்த இரண்டு ஜோடிகள் இங்கே பிரிந்துவிடும். நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பித் தவறைத் திருத்தும் அமைப்பு) அதிகம் உள்ள ஆம்ப்களில், திணறும் அளவு சத்தம் வரும்வரை வேறுபாடே இல்லாமலும் போகலாம். அந்த ஃபீட்பேக்கின் வேலையே வால்வுக்கு வால்வு உள்ள வேறுபாட்டை அழுத்துவதுதான்.

பாட்டு எதுவானாலும், உங்களுக்கு மனப்பாடமான ஒலிப்பதிவையே எடுங்கள். ஒரே இடத்தில் உட்காருங்கள். தலையை ஒரு சாண் நகர்த்தினாலும் அறையில் ஒலி மாறும்.

ஏழாம் படி: கண்ணை விலக்கிக் கேட்பது

வால்வை மாற்றிச் சூடாக்குவதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. அவ்வளவு நேரம் ஒரு ஒலியின் நுட்பத்தை நினைவில் வைக்க எந்தக் காதாலும் முடியாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி ஸ்டீரியோ ஆம்ப் உள்ளவர்களுக்கு. இடது சேனலுக்கு ஒரு வால்வு, வலது சேனலுக்கு ஒரு வால்வு என்று தனித்தனியே இருந்தால், இடதில் ஒன்றையும் வலதில் மற்றதையும் போடுங்கள். இரு சேனலுக்கும் ஒரே மோனோ ஒலியைக் கொடுத்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேலன்ஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேளுங்கள். மாற்றம் நொடியில் நடக்கும். பிறகு வால்வுகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். நீங்கள் கேட்ட வேறுபாடு வால்வோடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் அது வால்வுடையது. அதே பக்கத்தில் தங்கிவிட்டால் அது ஸ்பீக்கரோ சேனலோ செய்வது. இந்த ஒரு சோதனையில் பல நம்பிக்கைகள் உதிர்ந்துவிடும். ஒன்று கவனிக்க: ஈசிசி83க்குள் இரண்டு டிரையோடுகள் உள்ளன. சில ஆம்ப்களில் ஒரே வால்வின் ஒரு பாதி இடதுக்கும் மறு பாதி வலதுக்கும் வேலை செய்யும். அங்கே இந்த வழி செல்லாது.

இரண்டாம் வழி ஒலிப்பதிவு. ஆம்பின் லைன் அவுட்புட்டை யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் பதியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். ஸ்பீக்கர் இணைப்பிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள், இன்டர்ஃபேஸ் கெட்டுப்போகும். அதற்கு ரெசிஸ்டர் பிரிப்பான் வேண்டும், தெரிந்தவர் செய்து தரட்டும். ஒரே பாட்டை இரண்டு வால்வுகளிலும் பதிந்து, சத்தத்தைச் சமன் செய்து, ஃபூபார்2000இன் ஏபிஎக்ஸ் சோதனையில் போடுங்கள். இப்போது ஒலிப்பது எந்த வால்வு என்று சொல்லாமல் மென்பொருள் கேட்கும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியாக வந்தால் நம்பலாம். வெறும் குருட்டு ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 10க்கு 7 என்பது எதையும் நிரூபிக்காது.

கணினி வேண்டாம் என்பவர்கள் வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். அவர் நாணயம் சுண்டி வால்வைத் தேர்ந்து போடட்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். ஆம்பின் மேல் ஒரு துணித்திரை கட்டி மறையுங்கள், ஆனால் சூடான வால்வில் துணி படக்கூடாது. நேரம் பிடிக்கும் வேலைதான். அந்த நேரம் அதற்குத் தகும்.

எட்டாம் படி: எழுதி வைத்தல்

ஒரு நோட்டில் தேதி, மின்சார வோல்டேஜ், வால்வின் பெயரும் குறியீடும், பயஸ் எண், 1.00 வோல்ட்டுக்கு வால்யூம் இருந்த இடம், இவற்றை முதலில் எழுதுங்கள். பிறகுதான் ஒலி. "இனிமை", "வெதுவெதுப்பு" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. "தம்புராவில் கடைசித் தந்தியின் வால் நீளம்", "தொப்பி பரவுகிறது", "பாடகியின் 'ச' எழுத்து காதைக் குத்துகிறது" என்று எங்கே, எதில் என்று எழுதுங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் பணம் மிச்சமாக்கும் தகவல்.

இவ்வளவும் செய்து ஒரு வால்வு உங்களுக்குப் பிடித்துவிட்டதென்றால் அதே வகையில் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி, அளவீட்டுச் சீட்டோடு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். முன்பு போட்டிருந்ததையும் தூக்கி எறியாதீர்கள். ஆம்பில் ஏதேனும் கோளாறு வந்தால், வால்வா சர்க்யூட்டா என்று பிரித்துப் பார்க்க, நல்ல நிலையில் உள்ள அந்தப் பழைய ஜோடிதான் முதலில் வேண்டியிருக்கும்.